200-500 ஜூம் லென்ஸுக்கு 1.4 டெலிகன்வர்ட்டர் வாங்கலாமா?

கேமரா பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டி, பிம்பத்தைப் பெரிதாக்கும் சிறு கண்ணாடிக் குழல்தான் டெலிகன்வர்ட்டர். அதைப் பற்றி வந்த கேள்வி இதுதான்: "என்னிடம் நிக்கான் டி7500 பாடியும் 200-500 மிமீ எஃப்/5.6 லென்ஸும் இருக்கின்றன. 500-ல் எடுத்தாலும் பறவை படத்தின் நடுவில் சின்னதாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. 1.4 டெலிகன்வர்ட்டர் போட்டால் 700 ஆகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா? வாங்குவதுதான் வாங்குகிறோம், நேராக 2எக்ஸ் வாங்கி 1000 ஆக்கிக்கொள்ளலாமா? ஒரிஜினல்தான் வேண்டுமா, விலை குறைந்த வேறு கம்பெனி போதுமா?"

2எக்ஸ் வேண்டவே வேண்டாம். 1.4 வாங்கலாம், ஆனால் எதற்காக வாங்குகிறீர்கள் என்று முதலில் யோசியுங்கள். வேடந்தாங்கலில் கரையில் நின்றுகொண்டு, ஏரியின் தூரத்து மரத்தில் இருக்கும் மஞ்சள் மூக்கு நாரையைப் பக்கத்தில் இழுக்கப் போகிறேன் என்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பத்துப் பதினைந்து மீட்டரில் கொப்பில் உட்கார்ந்திருக்கும் சிறு மீன்கொத்தியை இன்னும் கொஞ்சம் பெரிதாக, இறகின் இழை தெரிய எடுக்க வேண்டும் என்றால் பணம் வீணாகாது. ஆனால் நிறையப் பேர் முதல் காரணத்துக்காகத்தான் வாங்குகிறார்கள். "அதிகம் பயன்படுத்தவில்லை, புதிது போல இருக்கும்" என்ற குறிப்போடு இத்தனை டெலிகன்வர்ட்டர்கள் செகண்ட்ஹேண்டில் வருவதற்குக் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

டெலிகன்வர்ட்டர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். லென்ஸ் உருவாக்கும் பிம்பத்தின் நடுப்பகுதியை 1.4 மடங்கு விரித்து சென்சாரில் விழவைக்கிறது. அவ்வளவுதான். லென்ஸின் முன்கண்ணாடி மாறவில்லை, உள்ளே வரும் ஒளியும் மாறவில்லை. 500-ஐ 5.6-ஆல் வகுத்தால் ஒளி நுழையும் வாசலின் அகலம், சுமார் 89 மிமீ. 700-ஐ 8-ஆல் வகுத்தால் சுமார் 88 மிமீ. அதே வாசல், அதே ஒளி. அந்த ஒளி இப்போது இரண்டு மடங்கு பரப்பில் பரவுவதால் ஒரு ஸ்டாப் குறைகிறது, அதாவது வெளிச்சம் பாதியாகிறது; எஃப்/5.6 எஃப்/8 ஆகிவிடுகிறது (எஃப் எண் கூடக் கூட வெளிச்சம் குறைவு). 2எக்ஸ் போட்டால் நான்கு மடங்கு பரப்பு, இரண்டு ஸ்டாப் நஷ்டம், எஃப்/11. பறவையோடு சேர்ந்து லென்ஸின் குறைகளும் விரிகின்றன. 500-ல் கொஞ்சம் மென்மையாக இருக்கும் லென்ஸ் 700-ல் கூர்மையாகிவிடாது.

அப்படியானால் கம்ப்யூட்டரில் கிராப் செய்வதற்கும் (படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுப்பதற்கும்) இதற்கும் என்ன வித்தியாசம்? நியாயமான சந்தேகம். டெலிகன்வர்ட்டர் போட்டால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) இரட்டிப்பாகி நாய்ஸ் (படத்தில் தெரியும் மணல் போன்ற புள்ளிகள்) ஏறிவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். அது பாதி உண்மை. 500-ல் ஐஎஸ்ஓ 800-ல் எடுத்துக் கிராப் செய்த படத்தையும், அதே ஷட்டரில் 700-ல் ஐஎஸ்ஓ 1600-ல் எடுத்த படத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பறவையின் மீதுள்ள நாய்ஸ் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கும். பறவையிலிருந்து வந்த ஒளியின் அளவு இரண்டிலும் ஒன்றுதானே. டெலிகன்வர்ட்டரில் கிடைக்கும் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: அதே பறவையின் மீது அதிக பிக்சல் விழுகிறது.

கணக்காகவே பார்க்கலாம். சிறு மீன்கொத்தி அலகு நுனியிலிருந்து வால் வரை சுமார் 16 செமீ. 15 மீட்டர் தூரத்தில் 500 மிமீ லென்ஸ் அதை சென்சாரில் சுமார் 5.3 மிமீ நீளத்துக்கு விழவைக்கும். டி7500-ன் ஒரு பிக்சல் 4.2 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மிமீ). ஆக, பறவையின் நீளத்துக்கு ஏறக்குறைய 1,260 பிக்சல் கிடைக்கும். 700-ல் அது 1,770 ஆகிறது. போனில் பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுதான். ஏ3 அளவில் பிரிண்ட் போட்டால் வித்தியாசம் கண்ணில் படும். இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: 15 மீட்டரிலிருந்து 10.7 மீட்டருக்கு வந்தால் டெலிகன்வர்ட்டர் இல்லாமலே அதே 1,770 பிக்சல் கிடைக்கும், எஃப்/5.6-லேயே. பறவை பறக்காமல் நாலைந்து மீட்டர் நெருங்கத் தெரிந்தவருக்கு, அல்லது அது வழக்கமாக வந்து உட்காரும் கொப்பின் பக்கத்தில் முன்கூட்டியே போய் அசையாமல் உட்காரப் பொறுமை இருப்பவருக்கு, இந்தச் சாமான் அவசரத் தேவை இல்லை.

பிக்சல் நெருக்கமான கேமராக்களில் இந்த லாபம் குறைந்துகொண்டே போகும். கேனான் ஆர்7 போல 3.2 மைக்ரான் பிக்சல் உள்ள சென்சாரில், கிராப் செய்தாலே லென்ஸ் தரக்கூடிய விவரத்தில் பெரும்பகுதி வந்துவிடுகிறது. டி7500-ன் 20.9 மெகாபிக்சலை 1.4 மடங்கு கிராப் செய்தால் பத்தரை மெகாபிக்சல் மிஞ்சும். அது உங்களுக்குப் போதுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராமுக்கும் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஆதாரப் படம் ஏற்றுவதற்கும் அது தாராளம்.

ஜூமில் மட்டும் உள்ள ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 200-500-ல் 1.4 போட்டால் 280-700 எஃப்/8 ஆகிறது. இதில் 280 முதல் 500 வரை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் எஃப்/5.6-ல். புதிதாகக் கிடைப்பது 500-க்கும் 700-க்கும் இடையே உள்ளது மட்டும். மீதி நேரமெல்லாம் ஒரு ஸ்டாப்பை சும்மா கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதனால் ஜூம் வைத்திருப்பவர் டெலிகன்வர்ட்டரை நிரந்தரமாக மாட்டி வைப்பதில் அர்த்தமில்லை. நாள் முழுக்க 700-ல்தான் வேலை என்று தெரிந்த நாளில் மாட்டுங்கள். வீட்டிலோ காருக்குள்ளோ மாட்டிக்கொண்டு கிளம்புவது நல்லது. ஏரிக்கரைக் காற்றில் பாடியையும் லென்ஸையும் திறந்து வைத்து மாற்றினால், சாயங்காலம் வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்த படங்களில் சென்சார் தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ஜூமுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. 700 மிமீ பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) போல ஒன்றை வைத்துக்கொண்டு இலைகளுக்குள் தாவும் தையல்சிட்டைக் கண்டுபிடிப்பது பெரிய தலைவலி. வியூஃபைண்டரில் பச்சையைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஜூமில் 280-க்கு வந்து பறவையைப் பிடித்து, ஃபோகஸ் பூட்டியதும் 700-க்குத் திருப்பலாம். இன்னொன்று, டெலிகன்வர்ட்டர் போட்டாலும் லென்ஸின் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் மாறுவதில்லை. உங்கள் லென்ஸுக்கு அது 2.2 மீட்டர். அந்தத் தூரத்தில் நிஜ அளவில் 0.22 மடங்காக இருந்த பிம்பம் 0.31 மடங்காகிறது. செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டு, தட்டான், பட்டாம்பூச்சி இவற்றுக்கெல்லாம் இது அருமையான கூட்டணி. என்னைக் கேட்டால் 200-500-ம் 1.4-ம் சேர்ந்து நன்றாக வேலை செய்வதே இந்த மாதிரிக் கிட்டத்துச் சமாச்சாரங்களில்தான்.

இனி ஆட்டோஃபோகஸ். டி7500 உள்ளவருக்குப் பெரிய தடை இதுதான். டிஎஸ்எல்ஆரின் (டி7500 போல உள்ளே நிலைக்கண்ணாடி வைத்த கேமராவின்) ஃபோகஸ் சென்சார்கள் லென்ஸின் இரு ஓரங்களிலிருந்து வரும் கதிர்களை ஒப்பிட்டுத்தான் தூரத்தைக் கணிக்கின்றன. பெரும்பாலான சென்சார்கள் எஃப்/5.6 வரைக்கும் என்று வடிவமைக்கப்பட்டவை. எஃப்/8-க்குப் போனால் அந்த ஓரத்துக் கதிர்கள் வெட்டுப்பட்டுவிடும். டி7500-ன் 51 புள்ளிகளில் எஃப்/8-ல் வேலை செய்வது நடுப்புள்ளி ஒன்றே ஒன்று. டி500, டி850 என்றால் 15 புள்ளிகள், அவற்றில் நீங்கள் தேர்வு செய்யக்கூடியவை 9. 2எக்ஸ் போட்டு எஃப்/11-க்குப் போனால் வியூஃபைண்டர் வழியாக ஆட்டோஃபோகஸை நம்பவே முடியாது. அதனால்தான் அதை ஆரம்பத்திலேயே ஒதுக்கினேன்.

ஒற்றைப் புள்ளியோடு வேலை செய்வது முடியாத காரியம் இல்லை. பறவையின் கண்ணை நடுவில் வைத்து எடுத்து, பிறகு கிராப்பில் அமைப்பைச் சரி செய்துகொள்ளலாம். ஆனால் கூட்டி வந்த பிக்சலில் ஒரு பங்கு அந்தக் கிராப்பிலேயே போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். லென்ஸின் பக்கவாட்டில் ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் இருக்கிறது அல்லவா, பறவை 6 மீட்டருக்கு அப்பால் இருந்தால் அதை 6 மீட்டர்-முடிவிலி பக்கம் தள்ளிவிடுங்கள். லென்ஸ் முன்னும் பின்னும் வீணாகத் தேடிக்கொண்டிருப்பது பாதியாகக் குறையும். பறக்கும் பறவை என்றால் கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை மாதிரி பெரிதாக, நேர்கோட்டில் வருகிறவற்றை முயன்று பார்க்கலாம். பஞ்சுருட்டானையும் தகைவிலானையும் இந்தக் கூட்டணியில் துரத்துவது வீண் வேலை. டெலிகன்வர்ட்டரைக் கழற்றி வைத்துவிட்டு எடுங்கள்.

ஃபோகஸ் லேசாக முன்னாலோ பின்னாலோ விழுகிறது என்றால் உடனே டெலிகன்வர்ட்டரைக் குறை சொல்ல வேண்டாம். லென்ஸுக்குத் தனியாகச் செய்த ஏஎஃப் ஃபைன்-டியூன் அளவு (ஃபோகஸ் பிசகைச் சரிசெய்யக் கேமராவில் வைக்கும் திருத்தம்), லென்ஸும் டெலிகன்வர்ட்டரும் சேர்ந்த ஜோடிக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. ஜோடியாக மாட்டி, ஜூமை முழுவதும் நீட்டி, புதிதாக ஒருமுறை சரிபார்க்க வேண்டும். 700-ல் 10 மீட்டருக்கு ஃபோகஸ் ஆழம் சில சென்டிமீட்டர்கள்தான். கண் தவறிக் கழுத்தில் விழுவதற்கு அது போதும்.

வெளிச்சத்துக்கு வருவோம். நல்ல வெயிலில் எஃப்/8, ஷட்டர் 1/1600 நொடி, ஐஎஸ்ஓ 400 என்று தாராளமாக எடுக்கலாம். ஒரு ஸ்டாப் போனது தெரியவே தெரியாது. சிக்கல் என்னவென்றால், நம் ஊரில் அந்த அளவு வெளிச்சம் வந்த கொஞ்ச நேரத்தில் கானலும் வந்துவிடுகிறது. பள்ளிக்கரணையில் இருநூறடி ரோட்டு ஓரமாக நின்று பதினொரு மணிக்கு சதுப்புக்குள் லென்ஸை நீட்டிப் பாருங்கள். தார்ச்சாலையும் சேறும் சூடேறி, நடுவில் உள்ள காற்று நெளிந்துகொண்டிருக்கும். நீலத் தாழைக்கோழியின் இறகெல்லாம் மெழுகு உருகினது போல இருக்கும். ஷட்டரைக் கூட்டினாலும் தீராது, ஃபோகஸைச் சரி செய்தாலும் தீராது. கெட்டுப்போன பிம்பத்தை 1.4 மடங்கு பெரிதாக்குவதைத் தவிர டெலிகன்வர்ட்டரால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. கோடியக்கரையில் உப்பளப் பக்கம் தூரத்தில் நிற்கும் பூநாரைக் கூட்டத்துக்கும் இதே கதிதான். நெருங்கவே முடியாத தூரத்துப் பறவைக்குத்தான் டெலிகன்வர்ட்டர் தேவை என்று தோன்றும்; அந்தத் தூரத்தில்தான் காற்று அதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும்.

எனவே நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர், ஜனவரியில் சூரியன் மரத்துக்கு மேலே வந்ததிலிருந்து ஒன்பது ஒன்பதரை வரை நல்ல வாய்ப்பு. மேகமூட்டம் என்றால் கானல் குறையும், ஆனால் ஐஎஸ்ஓ ஏறும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இப்போதுள்ள டீநாய்ஸ் மென்பொருள்கள் ஐஎஸ்ஓ 3200-ஐ நன்றாகவே சுத்தம் செய்துவிடுகின்றன, கானலை எந்த மென்பொருளும் சரி செய்வதில்லை. காருக்குள்ளிருந்து எடுக்கிறவர்கள் ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து எடுங்கள். உள்ளே உள்ள குளிர்காற்றும் வெளியே உள்ள சூடான காற்றும் ஜன்னலில் கலக்கும் இடத்தில்தான் உங்கள் லென்ஸ் நிற்கிறது.

நிழலான தோப்புக்குள் இதை மாட்டிக்கொண்டு போகாதீர்கள். குளிர்காலத்தில் வலசை வரும் ஆறுமணிக்குருவி புதருக்கடியில் தரையில் இலைகளைக் கிளறிக்கொண்டிருக்கும். அங்கே எஃப்/5.6-லேயே 1/250-க்கு ஐஎஸ்ஓ 3200 கேட்கும். டெலிகன்வர்ட்டர் போட்டால் 6400, அதற்கு மேல் ஃபோகஸ் தடுமாற்றம், இருட்டான வியூஃபைண்டர். வெறும் லென்ஸோடு எடுத்துக் கிராப் செய்வதுதான் அங்கே சரி.

ஷட்டர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். டி7500-ல் 700 மிமீ என்பது ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார் கேமரா) கணக்கில் 1050 மிமீ பார்வை. லென்ஸில் விஆர் (கை நடுக்கத்தைக் குறைக்கும் வசதி) இருக்கிறது என்றாலும் கையில் பிடித்து எடுக்கும்போது 1/1000-க்குக் கீழே போனால் கூர்மை குறைவதைப் பார்க்கலாம். மோனோபாடு (ஒற்றைக்கால் தாங்கி) இருந்தால் உட்கார்ந்த பறவைக்கு 1/500 வரை இறங்கலாம். லென்ஸே சுமார் 2.3 கிலோ; அரை மணி நேரத்தில் கை நடுங்க ஆரம்பித்துவிடும். அப்பர்ச்சரை எஃப்/8-லிருந்து எஃப்/9-க்குக் குறைத்தால் இந்த ஜோடி கொஞ்சம் கூர்மையாகும். எஃப்/11-ஐத் தாண்டிப் போக வேண்டாம், அதற்குமேல் சின்ன வாசலின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவு (டிஃப்ராக்ஷன்) விவரத்தைத் தின்றுவிடும்.

மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே நிலைக்கண்ணாடி இல்லாத கேமராவுக்கு) மாறியவர்களுக்கு நிலைமை நிறைய மாறிவிட்டது. ஃபோகஸ் புள்ளிகள் சென்சார் மேலேயே இருப்பதால் எஃப்/9, எஃப்/11 எல்லாம் தடையாக இல்லை. பறவையின் கண்ணைத் தேடிப் பிடிப்பதும் வேலை செய்யும். சோனி 200-600, நிக்கான் இசட் 180-600 இரண்டும் 1.4 போட்டால் நீண்ட முனையில் 840 மிமீ எஃப்/9 ஆகின்றன. கேனான் ஆர்எஃப் 100-500-ல் மட்டும் ஒரு வினோதம்: எக்ஸ்டெண்டர் (டெலிகன்வர்ட்டருக்குக் கேனான் வைத்த பெயர்) மாட்டினால் ஜூமை 300-க்குக் கீழே கொண்டுவர முடியாது. லென்ஸுக்குள் எக்ஸ்டெண்டரின் மூக்கு நீட்டிக்கொண்டிருப்பதால் இடம் இல்லை. 420-700 எஃப்/8-10 என்று மட்டுமே பயன்படுத்தலாம். பையில் வைக்கும்போதும் லென்ஸ் நீண்டபடியேதான் இருக்கும். சோனி மவுண்ட்டுக்காக சிக்மா செய்த 150-600 போன்ற லென்ஸ்களில் டெலிகன்வர்ட்டர் பொருத்தவே வழியில்லை. வாங்கும் முன் லென்ஸ் கம்பெனியின் பட்டியலில் உங்கள் ஜோடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் 200-500-ஐ எஃப்டிஇசட் அடாப்டரோடு (பழைய எஃப் மவுண்ட் லென்ஸை மாட்ட உதவும் இணைப்பு) நிக்கானின் மிரர்லெஸ் இசட் பாடியில் போடுவதாக இருந்தால் பழைய எஃப் மவுண்ட் டெலிகன்வர்ட்டரைத்தான் சேர்க்க முடியும், இசட் டெலிகன்வர்ட்டர் அடாப்டரோடு சேராது.

டெலிகன்வர்ட்டர் உண்மையில் யாருக்காகப் பிறந்தது என்று பார்த்தால் எஃப்/2.8, எஃப்/4 லென்ஸ்களுக்குத்தான். 2013-ல் கேனான் 200-400-க்குள்ளும், 2018-ல் நிக்கான் 180-400-க்குள்ளும் 1.4-ஐ உள்ளேயே வைத்துக் கொடுத்தபோது இரண்டும் எஃப்/4 ஜூம்களாகவே இருந்தன. மாட்டிய பிறகும் எஃப்/5.6. நீங்கள் தொடங்குவதே எஃப்/5.6-ல், அதுவே கடைசி எல்லை. எஃப்/6.3-ல் முடியும் 150-600 ஜூம்கள் டிஎஸ்எல்ஆரில் அந்த எல்லையையும் தாண்டி எஃப்/9-க்குப் போய்விடும். கிட் லென்ஸாக வரும் 70-300 வகையறாவுக்கு இதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

வாங்குவதற்கு முன் வாடகைக்கோ நண்பரிடமோ ஒன்றை வாங்கி ஒரு காலை வேளை சோதித்துப் பாருங்கள். பன்னிரண்டு மீட்டர் தூரத்தில் ஒரு ரூபாய் நோட்டை அட்டையில் ஒட்டி வையுங்கள். டிரைபாடு, லைவ் வியூ ஃபோகஸ், விஆர் அணைத்து, டைமர் வைத்து, முதலில் 500-ல் எஃப்/5.6-லும் எஃப்/8-லும், பிறகு டெலிகன்வர்ட்டரோடு 700-ல் எஃப்/8-லும் எஃப்/9-லும் எடுங்கள். 500-ல் எடுத்ததைக் கம்ப்யூட்டரில் 1.4 மடங்கு பெரிதாக்கி, நோட்டின் பொடி எழுத்தை இரண்டிலும் வாசியுங்கள். டெலிகன்வர்ட்டர் படத்தில் கூடுதலாக ஓர் எழுத்தும் புரியவில்லை என்றால் அந்தப் பணத்தை பெட்ரோலுக்கு வைத்துக்கொண்டு கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் போய்வாருங்கள்.

ஒரிஜினலா, வேறு கம்பெனியா என்ற கடைசிக் கேள்வி. உங்கள் 200-500, இ வகை லென்ஸ். அதாவது அப்பர்ச்சரை இயக்கும் இரும்பு நெம்பு இதில் இல்லை. மின்சாரத் தொடர்பு வழியாகத்தான் இதழ்கள் மூடித் திறக்கின்றன. பழைய மூன்றாம் கம்பெனி டெலிகன்வர்ட்டர்கள் பல அந்த நெம்பை நம்பிச் செய்யப்பட்டவை. அவற்றில் இந்த லென்ஸைப் போட்டால் அப்பர்ச்சர் வேலை செய்யாது. இ வகை லென்ஸ்களை ஆதரிக்கும் என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் யோசியுங்கள். வேறு சில டெலிகன்வர்ட்டர்கள், தாங்கள் நடுவில் இருப்பதையே கேமராவுக்குச் சொல்வதில்லை. கேமரா எஃப்/5.6 என்று நம்பி எல்லாப் புள்ளிகளிலும் ஃபோகஸ் செய்ய முயலும்; வெயிலில் ஓரளவு ஒப்பேறும், வெளிச்சம் மங்கினால் தடுமாறும். நான் என்றால் நிக்கானின் டிசி-14இ மூன்றாம் பதிப்பை செகண்ட்ஹேண்டில் தேடுவேன். 2014-லிருந்து விற்பனையில் இருந்தது என்பதால் நிறையக் கிடைக்கும்.

செகண்ட்ஹேண்ட் பார்க்கும்போது போன் டார்ச்சை ஒரு பக்கமிருந்து அடித்து, மறுபக்கம் சாய்த்துப் பாருங்கள். கடலோர ஊர்களில் பைக்குள்ளேயே கிடந்த கண்ணாடிகளில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படிந்திருக்கும், 1.4 மடங்கு பெரிதாக்குகிற கண்ணாடியில் அதைச் சகித்துக்கொள்ள முடியாது. மின்தொடர்புப் புள்ளிகள் கறுத்திருக்கிறதா, மாட்டிய பிறகு லென்ஸுக்கும் டெலிகன்வர்ட்டருக்கும் நடுவில் ஆட்டம் இருக்கிறதா, திருகுகளில் ஸ்க்ரூடிரைவர் பட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கேமராவையும் லென்ஸையும் கையோடு எடுத்துப்போய் அங்கேயே மாட்டி, அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, திரையில் எஃப்/8 என்று காட்டுகிறதா என்று பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.